ஹைலக்ஸுக்கு கூஸ்நெக் ஹிட்ச் போடலாமா? கேட்ட தம்பிக்கு விரிவா ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டுங்கள்ல பாரிட் (வடிகால்) வெட்டுற காண்ட்ராக்ட் எடுக்குறீங்க, கையில டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், டபுள் கேப் 2.8 ஆட்டோ இருக்கு, மினி எக்ஸ்கவேட்டர் ஒண்ணு வாங்கப் போறீங்க, மூணு டன் சைஸா ஒண்ணே முக்கால் டன் சைஸான்னு இன்னும் முடிவு பண்ணல. அமெரிக்கா வீடியோவுல பிக்கப் தொட்டிக்கு நடுவுல பால், அதான் இரும்பு உருண்டை, வெச்சு பெரிய டிரெய்லர இழுக்குறான் பாருங்க, அந்த கூஸ்நெக் மாதிரி போட்டுக்கிட்டா லோரி வாடகை மிச்சம்னு நினைக்கிறீங்க. எந்த ஹிட்ச், அதாவது டிரெய்லர மாட்டுற இணைப்பு, வாங்குறது, டவுன்ல ஒரு வெல்டர் தானே செஞ்சு தரேன்னு சொல்றாரே செய்யலாமா, பழைய சாமான் கடையில ஒரு பால் பாத்தேன் அத எடுக்கலாமா, இதான் உங்க மூணு கேள்வி.

நேரா சொல்லிடுறேன். ஹிட்ச தேடுறத நிறுத்திட்டு மொதல்ல உங்க வண்டியோட பின் ஆக்சில் எவ்ளோ தாங்கும்னு பாருங்க. ஹிட்ச் பெட்டி மேல போட்டிருக்குற நம்பர் ஹிட்ச்சோட நம்பர், உங்க வண்டியோட நம்பர் கெடையாது. இத மாத்தி புரிஞ்சுக்கிட்டுத்தான் நம்ம ஊர்ல பாதி பேரு சேசிஸ வளைச்சுக்கிட்டு பெங்கல்ல, அதான் வொர்க்ஷாப்ல, வந்து நிக்கிறாங்க.

கூஸ்நெக் ஏன் அங்க அவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னு புரிஞ்சாதான் இங்க ஏன் இடிக்குதுன்னு புரியும். சாதாரண டோ பார்ல, அதான் வண்டிக்கு பின்னாடி மாட்டுற இழுவைக் கம்பியில, பால் எங்க இருக்கு, பம்பருக்கு பின்னாடி, அதாவது பின் ஆக்சில தாண்டி ஒரு மீட்டருக்கு மேல தள்ளி. டிரெய்லர் மூக்கோட பாரம் அங்க அழுத்துனா பின்னாடி அமுங்கும், முன்னாடி டயர் லேசாகும், ஸ்டியரிங் மெதக்குற மாதிரி இருக்கும். கூஸ்நெக்ல பால் தொட்டிக்கு உள்ள, பின் ஆக்சிலுக்கு நேர் மேல இல்லன்னா ரெண்டு மூணு இன்ச் முன்னாடி உக்காந்திருக்கும். பாரம் நேரா ஆக்சில்ல எறங்கும், முன் டயர தூக்காது, டிரெய்லர் பக்கவாட்டுல ஆடுறதும் ரொம்ப கம்மி. அரிசி மூட்டைய தோள்ல போட்டுக்கிட்டு நடக்குறதுக்கும் கைய பின்னாடி நீட்டி தூக்கிக்கிட்டு நடக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதனாலதான் அங்க மாடு ஏத்துறவங்க, வைக்கோல் ஏத்துறவங்க, மெஷின் ஏத்துறவங்க எல்லாரும் கூஸ்நெக்குக்கு போறாங்க.

ஆனா இதுல ஒரு விலை இருக்கு. பம்பர்ல மாட்டுற டிரெய்லர்ல மொத்த எடையில 10லேருந்து 15 சதவீதம் மூக்குல எறங்கணும். கூஸ்நெக்ல அது 15லேருந்து 25 சதவீதம். வண்டி தலையில ஏறுற பாரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அமெரிக்காவுல இத மாட்டுற வண்டி எது, ஃபோர்ட் எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, பின்னாடி நாலு டயர் போட்ட டூவலி, அந்த வகை. அந்த வண்டிங்களுக்குன்னு செஞ்ச ஹிட்ச், உதாரணத்துக்கு பி அண்ட் டபிள்யூ கம்பெனியோட டர்ன்ஓவர் பால், அதுக்கு 30,000 பவுண்ட் இழுவை, 7,500 பவுண்ட் மேல் பாரம், அதாவது பால் மேல அழுத்துற எடைன்னு ரேட்டிங். நம்ம கணக்குல 13,600 கிலோவும் 3,400 கிலோவும். 3,400 கிலோ மேல் பாரம்னா தம்பி, உங்க ஹைலக்ஸ் ஆளும் சாமானும் சேத்து முழுசா நிக்கிற எடையே அத விட கம்மி. அந்த ஹிட்ச கொண்டாந்து மாட்டிட்டா வண்டி அவ்ளோ தாங்கும்னு அர்த்தமா? இல்லல்ல.

சரி இப்ப உங்க வண்டிக்கு கணக்கு போடுவோம். வர்த்தக வண்டிங்க கதவுல வெள்ளை பெயிண்ட்ல பெராட் தன்பா முவாத்தான், பெராட் தெங்கான் முவாத்தான்னு ரெண்டு எடை எழுதியிருக்கும் பாத்திருப்பீங்க, சாமான் இல்லாம எவ்ளோ, சாமானோட எவ்ளோன்னு. உங்களுது பிரைவேட்டா இருந்தாலும் அதே ரெண்டு எடை உங்க வண்டிக்கும் உண்டு, மேனுவல்ல இருக்கும், கதவு தூண் பக்கத்து ஸ்டிக்கரயும் பாருங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்க மொத்தமா ஏத்தக்கூடிய பாரம். ஒரு பேச்சுக்கு 800 கிலோன்னு வெச்சுக்குவோம். நீங்க, உங்க ஆப்பரேட்டர், இன்னொரு ஆளு, மூணு பேருக்கு 225 கிலோ. டூல் பாக்ஸ், ஜேக், செயின் 50 கிலோ. கூஸ்நெக் ஹிட்ச்சே இரும்பு, அது ஒரு 70 கிலோ. எக்ஸ்கவேட்டருக்கு டீசல் டிரம் ஒண்ணு எப்பவும் தொட்டியில நிக்கும், 200 லிட்டர் டீசல் 168 கிலோ, டிரம்மோட சேத்தா 185 கிட்ட வரும். எல்லாம் கழிச்சா மிச்சம் 270 கிலோ. இதுக்குள்ளதான் டிரெய்லர் மூக்கு பாரம் வந்தாகணும்.

ஒண்ணே முக்கால் டன் எக்ஸ்கவேட்டர், கூட ரெண்டு பக்கெட், டிரெய்லரோட சொந்த எடை, எல்லாம் கூட்டுனா 2,700 கிலோன்னு வெச்சுக்குங்க. கூஸ்நெக்ல 20 சதவீதம்னா 540 கிலோ. இருக்குறது 270. சரியா ரெண்டு மடங்கு தாண்டிருச்சு. அதே டிரெய்லர் பம்பர்ல மாட்டுற டைப்பா இருந்தா 10 சதவீதம், 270, உயிர் போற மாதிரி ஒட்டி உக்காருது. அதுவும் மேலோட்டமான கணக்குதான், ஏன்னா பால் பின்னாடி தள்ளி இருக்குறதால ஆக்சில்ல ஏறுறது 270 மட்டும் இல்ல. ஹைலக்ஸ் வீல்பேஸ் 3,085 மிமீ, பால் ஆக்சிலுக்கு ஒண்ணேகால் மீட்டர் பின்னாடி இருந்தா முன் டயர்லேருந்து ஒரு 110 கிலோவ தூக்கி பின்னாடி போடும், ஆக பின் ஆக்சில்ல 380 கிலோ. அதனால டீசல் டிரம்ம தொட்டியில வெக்காதீங்க, டிரெய்லர்ல அதோட ஆக்சிலுக்கு மேல கட்டுங்க. ஒரு டிரம்ம எடம் மாத்துனதுல 185 கிலோ கையில கெடைக்குது பாருங்க. ஹிட்ச் மாத்துறத விட இது பெரிய லாபம், காசும் ஆவாது.

மூணு டன் மெஷின் பத்தி பேசவே வேணாம். மெஷின் 3,000, அத தாங்குற ரெண்டு ஆக்சில் டிரெய்லர் ஒரு டன், மொத்தம் 4,000 கிலோ. ஆஸ்திரேலியாவுல 2.8 ஃபோர் பை ஃபோர் ஹைலக்ஸுக்கு கம்பெனி குடுக்குற உச்சம் பிரேக் உள்ள டிரெய்லருக்கு 3,500 கிலோ, பிரேக் இல்லாட்டி 750. அதுவும் அந்த நாட்டு வண்டிக்கு, நம்ம வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதான் நமக்கு சட்டம், அத பாக்காம அங்க உள்ள நம்பர இங்க கொண்டு வரக்கூடாது. எந்த ஹிட்ச் போட்டாலும் மூணு டன் மெஷினுக்கு ஹைலக்ஸ் ஆகாது. வேலை எடம் மாறும்போது மட்டும்தானே மெஷின நகத்தப் போறீங்க, தினமும் இல்லையே? அப்ப செல்ஃப் லோடர் லோரிக்காரர கூப்டுங்க. ஒரு எஸ்டேட்டுல எறக்குனா வாரக்கணக்குல அங்கயேதான் நிக்கப் போகுது. வாடகைய குவொட்டேஷன்லயே சேத்துப் போடுங்க, எல்லா காண்ட்ராக்டரும் அப்படித்தான் போடுறான், நீங்க மட்டும் எதுக்கு தலையில தூக்கி வெச்சுக்கணும்.

எடை விடுங்க, எடம்னு ஒண்ணு இருக்கு. டபுள் கேப் தொட்டி நீளமே ஒன்றரை மீட்டர்தான். பின் ஆக்சிலுக்கு நேர் மேல பால் வெச்சா அதுக்கும் கேபின் முதுகுக்கும் நடுவுல எவ்ளோ இருக்குன்னு டேப் புடிச்சு அளந்து பாருங்க, அரை மீட்டர் சொச்சம்தான் தேறும். அமெரிக்காவுல எட்டடி தொட்டி வெச்சிருக்குறவன் கவலை இல்லாம திரும்புறான், ஆறரை அடி தொட்டிக்காரனே எட்டடி அகல டிரெய்லரோட கேபின் கண்ணாடி உடையுமோன்னு பயந்து பயந்து ஒடிக்கிறான், அஞ்சரை அடின்னா ஆஃப்செட் கப்ளர் (கப்ளர்னா பால கவ்வுற டிரெய்லர் பக்கத்து பாகம்) போட்டு டிரெய்லர் மூக்க பின்னாடி தள்ளி வெக்கிறாங்க. நம்ம தொட்டி அத விட சின்னது. எஸ்டேட் ரோடு வேற, செம்பனை வரிசைக்கு நடுவுல டி வளைவுல ரிவர்ஸ் எடுத்து திரும்பணும், வீடியோவுல வர்ற மாதிரி கார் பார்க் அகலத்துக்கு எடம் கெடையாது.

இன்னொண்ணு யாரும் யோசிக்க மாட்டாங்க, தொட்டி சுவருக்கும் டிரெய்லர் கழுத்துக்கும் நடுவுல உள்ள உயரம். சமதளத்துல நிக்கும்போது ஒரு ஆறு இன்ச் இடைவெளி வேணும்னு சொல்லுவாங்க, அது தார் ரோட்டுக்கு. நம்ம செம்மண் ரோட்டுல கல்வெர்ட்டு மேல ஏறி எறங்கும்போது, மில் ராம்ப் அடியிலேருந்து மேல ஏறும்போது, வண்டி ஒரு கோணத்துல டிரெய்லர் ஒரு கோணத்துல நிக்கும். பாரிட் ஓரத்துல ஒரு பக்க டயர் எறங்கிருச்சுன்னா தொட்டி ஒரு பக்கமா சாயும், டிரெய்லர் சாயாது, கழுத்து வந்து தொட்டி சுவர்ல ஒக்காந்துரும். தகரம் மடிஞ்சுரும். கழுத்த உயத்தி வெச்சா டிரெய்லர் மூக்கு தூக்கிக்கிட்டு டிரெய்லரோட பின் ஆக்சில்ல பாரம் கூடும். தாழ்வா வெச்சா இடிக்கும். சமாளிக்க முடியாதுன்னு சொல்லல, அதுக்கான உயரமும் நீளமும் நம்ம டபுள் கேப்ல இல்லன்னு சொல்றேன்.

சரி, நாளைக்கு உங்களுக்கு தகுதியான பெரிய வண்டி ஒண்ணு கெடைச்சுருச்சு, இல்ல உங்க சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டுல அத வெச்சு ஓட்டுறாரு, அப்ப எத எடுக்குறதுன்னும் சொல்லிடுறேன், கேள்வியே அதானே. தொட்டிக்கு கீழ மாட்டுற டைப்புதான் நான் சொல்லுவேன். சேசிஸுக்கு குறுக்க ஒரு பீம், ரெண்டு பக்கமும் அந்த வண்டி மாடலுக்குன்னே செஞ்ச பிரேக்கெட், தொட்டி தரையில நாலு இன்ச் ஓட்டை ஒண்ணு, பால் மட்டும் மேல வரும். டிரெய்லர் இல்லாதப்ப பால கழட்டி தலைகீழா திருப்பி உள்ள போட்டுடலாம், தொட்டி சமமா ஆயிரும், சிமெண்ட் மூட்டை ஏத்தலாம். தொட்டி மேல தட்டு போட்டு போல்ட் அடிக்கிற டைப்பு மலிவு, மாட்டவும் சுலபம், ஆனா தொட்டி தரையில எப்பவும் ஒரு மேடு இருக்கும், சாமான் இழுத்து எறக்கும்போது தடுக்கிட்டே இருக்கும். இப்ப வர்ற ஃபோர்ட், ராம், ஜிஎம் வண்டிங்கள்ல ஃபேக்டரியிலேயே தொட்டியில ஓட்டை விட்டு அடியில பீமும் போட்டு வருது, அது இருந்தா அதுல சொருகுற செட் வாங்குங்க, வேற எதையும் தொளைக்காதீங்க. பால் சைஸ் பெரும்பாலும் 2-5/16 இன்ச், ரொம்ப கனமான வேலைக்கு 3 இன்ச். சேஃப்டி செயின் மாட்ட பால் ரெண்டு பக்கமும் வளையம் இருக்கணும், ஸ்பிரிங் வெச்ச யு போல்ட் மாதிரி இருக்கும், அது இல்லாத செட்ட தொடாதீங்க. ஃபிஃப்த் வீல் டிரெய்லர (பாலுக்கு பதிலா கிங்பின்ங்கிற தண்டால மாட்டுறது) அடாப்டர் போட்டு கூஸ்நெக் பால்ல மாட்டுறாங்க சிலபேர், கிங்பின்னுக்கு கீழ நீளமா ஒரு கம்பி தொங்குறதால டிரெய்லர் ஃபிரேம் மேல நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு வெல்டிங் விரிசல் விடும், டிரெய்லர் கம்பெனி அனுமதிச்சா மட்டும் செய்யணும்.

உங்க ஹைலக்ஸுக்கு வருவோம். சேசிஸ் ரெண்டு பக்கமும் போல்ட்ல புடிக்கிற டோ பார், ரெண்டு இன்ச் சதுர ரிசீவர் (சொருகுற குழாய்) உள்ளது, அதுல சொருகுற பால் மவுண்ட். பம்பர்ல மட்டும் போல்ட் அடிச்ச பால் வேணவே வேணாம், அது அழகுக்கு. டோ பார்ல தகடு ஒட்டியிருக்கும், எவ்ளோ இழுக்கலாம் எவ்ளோ மேல் பாரம்னு ரெண்டு நம்பர், ரெண்டும் இல்லாத டோ பார்ர கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. அப்புறம் சங்கிலில பலவீனமான கண்ணி எதுவோ அதான் உங்க உச்சம்: வண்டி, டோ பார், பால் மவுண்ட், பால், கப்ளர், இதுல எது கம்மியோ அது. பால் மவுண்ட் வாங்கும்போது ட்ராப், அதாவது பால் எவ்ளோ கீழ எறங்கி நிக்குதுன்னு பாத்து வாங்குங்க, டிரெய்லர் தரைக்கு இணையா நிக்கணும், நம்ம ஆளுங்க வண்டிய ரெண்டு இன்ச் லிஃப்ட் பண்ணிட்டு பழைய பால் மவுண்ட்டையே வெச்சுக்கிட்டு டிரெய்லர் மூக்கு வானத்த பாக்குதுன்னு வந்து கேப்பாங்க.

பால் சைஸ்ல கவனம். இங்க கெடைக்கிறது பாதி 50 மிமீ, பாதி 2 இன்ச், அதாவது 50.8. கண்ணுக்கு ஒண்ணு போலதான் தெரியும். 2 இன்ச் கப்ளர்ல 50 மிமீ பால் போட்டா ஆட்டம் இருக்கும், தேயும். ஆனா உண்மையிலேயே ஆள கொல்றது வேற: 2-5/16 இன்ச் கப்ளர 2 இன்ச் பால் மேல எறக்குறது. 2-5/16ன்னா கிட்டத்தட்ட 58.7 மிமீ. கப்ளர் அழகா ஒக்காரும், தாழ்ப்பாள் மூடும், பின்னும் ஏறும், ரோட்டுல நேரா போகும்போது எல்லாம் சரியா இருக்கும், கல்வெர்ட் மேடு ஒண்ணுல டிரெய்லர் துள்ளுச்சுன்னா மேல கழண்டு வந்துரும். அதனால மாட்டி முடிச்ச ஒடனே டிரெய்லர் ஜேக்க சுத்தி மூக்க மேல தூக்கிப் பாருங்க. வண்டி பின்னாடி கூடவே தூக்கிக்கிட்டு வந்தா புடிச்சிருக்கு. கப்ளர் மட்டும் மேல வந்துச்சுன்னா அங்கயே தப்பிச்சீங்க. இத ஒவ்வொரு தடவையும் செய்யணும்.

எஸ்டேட் உள்ளுக்குள்ளயே ஓடுற வேலைன்னா பால், கப்ளருக்கு பதிலா பின்டில் ஹூக்கும் (வாய் மூடுற கொக்கி) வளையமும் நல்லது, சத்தம் வரும், கடகடன்னு ஆடும், ஆனா மேடு பள்ளத்துல நல்லா வளைஞ்சு குடுக்கும், சேறு ஒட்டுனாலும் வேலை செய்யும். ஹைவே ஓட்டம் இருந்தா பால்தான்.

பாரம் எவ்ளோ எறங்குதுன்னு எப்படி அளக்குறதுன்னு கேப்பீங்க. செம்பனைப் பழம் எடுக்குற ராம்ப்புல திம்பாங் இருக்குல்ல, லோரிய நிறுத்தி எடை போடுறது, அங்க கூட்டம் இல்லாத நேரமா பாத்து தவுக்கேகிட்ட (முதலாளிகிட்ட) கேட்டுக்கிட்டு ஏத்துங்க. மொதல்ல டிரெய்லர் மாட்டாம வண்டிய மட்டும் தட்டு மேல நிறுத்தி எடை எடுங்க. அப்புறம் மெஷின் ஏத்துன டிரெய்லர மாட்டி, வண்டியோட நாலு டயரும் தட்டு மேல, டிரெய்லர் டயர் மட்டும் தட்டுக்கு வெளிய. ரெண்டுக்கும் வித்தியாசம்தான் மூக்கு பாரம். அப்புறம் பின் டயர் ரெண்டு மட்டும் தட்டு மேல, அது ஆக்சில் பாரம், மேனுவல்ல உள்ள உச்சத்தோட ஒத்துப் பாருங்க. கடைசியா டிரெய்லர் டயர மட்டும் தட்டு மேல ஏத்தி எடை எடுங்க, அதோட மூக்கு பாரத்த கூட்டுனா டிரெய்லரோட முழு எடை. மூக்கு பாரம் கம்மியா இருந்தா மெஷின ஒரு சாண் முன்னாடி நகத்துங்க, கூடுதலா இருந்தா பின்னாடி, சரியா வந்ததும் மெஷினோட டிரெக் (சங்கிலிச் சக்கரம்) நிக்கிற எடத்துல டிரெய்லர் தரையில பெயிண்ட்ல கோடு போட்டுருங்க. அடுத்த தடவை ஆப்பரேட்டர் அவசரத்துல ஏத்துனாலும் கோட்டுல நிறுத்துவாரு. 10 சதவீதத்துக்கு கீழ போயிருச்சுன்னா டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், ஆடும்போது பதறி வண்டி பிரேக்க அழுத்துனா இன்னும் மோசமாகும், எண்ணெய் பெடல்லேருந்து கால எடுத்துட்டு ஸ்டியரிங்க நேரா புடிங்க, எலக்ட்ரிக் பிரேக் கண்ட்ரோலர் இருந்தா கையால டிரெய்லர் பிரேக்க மட்டும் லேசா புடிங்க.

பிரேக் பத்தி சொல்லாம விட்டா இந்த பதில் எழுதியே பிரயோஜனம் இல்ல. நீங்க ஈப்போ பக்கம் வேலைக்கு போறேன்னு சொல்றீங்க, பிளஸ் ஹைவேல மெனோரா டன்னல் எறக்கம் தெரியும்ல, ஜெலாபாங் பக்கம் எறங்குறது, பெரிய லோரிங்களே பிரேக் சூடாகி திண்டாடுற எடம். 2,700 கிலோ பின்னாடி தள்ளிக்கிட்டு வரும்போது ஹைலக்ஸ் பிரேக் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவுல 750 கிலோவுக்கு மேல டிரெய்லருக்கு பிரேக் வேணும், 2,000 தாண்டுனா எல்லா சக்கரத்துக்கும் பிரேக், டிரெய்லர் கழண்டு போனா தானா புடிக்கிற பிரேக்அவேயும் வேணும். நல்ல அளவுகோல், நானும் அதத்தான் சொல்லுவேன். அப்புறம் டிரெய்லர் தள்ளும்போது தானா அழுத்துற ஓவர்ரன் பிரேக் மலிவுதான், ஆனா மேட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போதும் அது புடிச்சுக்கும், ரிவர்ஸ்ல விடுற ஹப் இருக்கான்னு பாத்து வாங்குங்க, இல்லன்னா எஸ்டேட் மேட்டுல கிளட்ச் வாசனைதான் வரும், உங்களுது ஆட்டோன்னா கியர்பாக்ஸ் சூடாகும். உங்க எடைக்கு எலக்ட்ரிக் பிரேக்தான் என் ஓட்டு. எறக்கத்துல கியர கையால கீழ போட்டு எஞ்சின் பிரேக்ல எறங்குங்க, டி-யில விட்டுட்டு பிரேக் மேல காலோட எறங்காதீங்க.

லைட்டு வயர் இழுக்கும்போது எர்த்துக்கு தனி வயர் போடச் சொல்லுங்க. பால் வழியா எர்த் போகும்னு விட்டுருவாங்க, கிரீஸ் தடவுன பால்ல அது எப்படி ஒழுங்கா போகும், சிக்னல் போட்டா பிரேக் லைட்டு மினுக்கும்.

இப்ப வெல்டர். நல்ல கைவேலைக்காரரா இருக்கலாம், கேட், கூடாரம், கோயில் ரதத்துக்கு சட்டம் எல்லாம் அவருதான் செஞ்சிருப்பாரு, தைப்பூசத்துக்கு எஸ்டேட் டிராக்டர் பின்னாடி ரதத்த இழுக்குற பார்ர கூட செஞ்சிருப்பாரு. அது நடக்குற வேகத்துல போறது தம்பி. சேசிஸ்ல வெல்டிங் வெக்கிறது வேற கதை. சேசிஸ் இரும்ப சூடு பண்ணா வெல்டுக்கு பக்கத்துல ஒரு விரல் அகலத்துக்கு இரும்போட குணமே மாறிடும், அந்த கோட்டுல, குறிப்பா மேல் கீழ் மடிப்பு ஓரத்துல குறுக்க வெல்டு போட்டிருந்தா, கொஞ்ச நாள்ல முடி மாதிரி ஒரு விரிசல் ஆரம்பிக்கும். சேறு காஞ்சு ஒட்டியிருக்குறதால கண்ணுக்கு தெரியாது, துரு கோடா கீழ எறங்கும்போதுதான் தெரியும். மடிப்புல ஓட்டை போடுறதும் அதே தப்பு, சேசிஸோட பலமே அந்த மடிப்புலதான் இருக்கு. போல்ட்ல, 10.9ன்னு தலையில அடிச்ச போல்ட்ல, வண்டியில ஏற்கனவே உள்ள ஓட்டையில புடிக்கிற டோ பார்தான் வாங்கணும், டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்கணும், கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி செக் பண்ணணும். பின்னாடி அமுங்குதேன்னு ஏர்பேக் போட்டு நிமித்துறதும் தீர்வு கெடையாது, வண்டியோட பாரம் தாங்குற அளவு அதனால ஒரு கிலோ கூட கூடாது, பாரம் மட்டும் லீஃப் ஸ்பிரிங் ரெண்டு முனையில பகிர்றதுக்கு பதிலா சேசிஸ்ல ஒரே புள்ளியில வந்து குத்தும். ஆஸ்திரேலியாவுல டபுள் கேப் வண்டிங்க கேபினுக்கு பின்னாடி வளைஞ்சு போற கதையில பலதுக்கு அதிக பாரமும் ஏர்பேக்கும் சேந்துதான் காரணம்.

காகிதம். ரோட்டுல ஓடுற டிரெய்லர் ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு ஆகணும், சொந்த நம்பர் இருக்கணும், வண்டிப் பரிசோதனை தாண்டணும். வண்டியோட அமைப்ப அனுமதி இல்லாம மாத்துறது 1987 சாலைப் போக்குவரத்து சட்டத்துல குத்தம், சமன் (அபராதம்) மட்டும் இல்ல, மோதல் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொத கேள்வியே அதத்தான் கேப்பான். அதனால காசு குடுக்குறதுக்கு முன்னாடி வண்டி கிராண்ட்ட (பதிவுச் சான்று) எடுத்துக்கிட்டு ஜேபிஜே கவுண்டருக்கு போங்க, டோ பார், டிரெய்லர் எடை, உங்க லைசென்ஸ் கிளாஸ், மூணையும் காட்டி கேளுங்க, கூலிக்கு சாமான் ஏத்துறதா சொந்த மெஷினான்னு தெளிவா சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி லைசென்ஸ் மாறும். எஸ்டேட்டுக்குள்ள டிராக்டர் ஓட்டுற பழக்கத்துல மெயின் ரோட்டுக்கு வந்துராதீங்க.

கடைசியா அந்த பழைய பால். எடுக்குறதா இருந்தா மேல தலையில சைஸும் எடையும் அடிச்சிருக்கான்னு பாருங்க, அழிஞ்சு போயிருந்தா வேணாம். வெர்னியர்ல ரெண்டு திசையில அளங்க, முன்னும் பின்னும் ஒரு தடவை, பக்கவாட்டுல ஒரு தடவை. இழுத்து இழுத்து பால் முன்னும் பின்னும்தான் தேயும், ரெண்டு அளவும் ஒத்துப் போகலன்னா அது உருண்டை இல்ல, முட்டை. தண்டு மரைக்கு மேல கழுத்துல விரலால தடவிப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா விரிசல். தண்டு தடிமனும் பால் மவுண்ட் ஓட்டையும் சரியா இருக்கணும், புஷ் போட்டு ஒப்பேத்தக் கூடாது. இவ்ளோ பாக்குற நேரத்துல புதுசு ஒண்ணு வாங்கிடலாம், டோ பார் விலைக்கு முன்னாடி பால் விலை ஒண்ணும் பெருசு இல்ல. திம்பாங் நம்பர் எடுத்துட்டு வந்து எழுதுங்க, மூக்கு பாரம், பின் ஆக்சில், டிரெய்லர் முழு எடை, மூணும், அத வெச்சு எந்த டோ பார், எவ்ளோ ட்ராப்புன்னு சொல்றேன்.